மூச்சைப் பிடி, அருந்ததி

"அங்கையே நில்லுங்கோ, மாஸ்ரர். வீட்டிலை ஆருக்கும் தடிமன், இருமலோ?"

பக்கத்து வீட்டு வாத்தியாரான என்னிடம், படலைக்கு உட்புறம் நின்று கேட்கிறாள் குணலட்சுமி. இல்லை என்றால் போதாது, கையைக் காட்ட வேண்டும். அவள் கண்கள் உள்ளங்கையில் தொடங்கி முழங்கைக்கு ஏறி, கழுத்தில் தடிப்புத் தேடி, கடைசியில் மூக்கு நுனியில் வந்து நிற்கும். அதன்பின் வேப்பிலை போட்டு அவித்த தண்ணீர் வாளியைச் சுட்டுவாள். "குறை நினையாதேங்கோ" என்பது அவள் வாயில் ஊறிய சொல். அதைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் குறை நினைக்கத் தக்கதாகவே இருக்கும்.

பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கைப் பெடியள் அந்தப் படலைக்கு, மறித்துச் சோதிக்கும் காவலரண் போல, 'சென்றி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாவகச்சேரியிலிருந்து பலாப்பழத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த சொந்த அண்ணனே, படலையில் நின்று ஒருதரம் இருமியதற்காகத் திரும்பிப் போனார். தேத்தண்ணி வேலிக்கு மேலால் வந்தது. "குறை நினையாதேங்கோ அண்ணை, குவளையையும் கொண்டு போங்கோ" என்றாளாம். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

அவள் இப்படி இருந்தவளல்ல. வாசலில் யார் தலை தெரிந்தாலும் உலையில் இன்னொரு பிடி அரிசி போடுகிறவள். ஒரு பங்குனியில் மகள் அருந்ததிக்கு விடாமல் காய்ச்சல் காய்ந்தது. விளையாடி விழாத பிள்ளையின் கணைக்கால்களில் நீலம் பாரித்தது. பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தப் புற்றுநோய், கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. போர் தரைப்பாதையை மூடியிருந்ததால் கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி மகளை மடியில் கிடத்திக்கொண்டு போனவள், பல மாதம் கழித்து, ஒரு பை நிறைய மருந்தோடும் ஒரு பயத்தோடும் திரும்பி வந்தாள்.

பயத்தைக் கொடுத்தவர் அங்கிருந்த டொக்டர். மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் கொல்லும், இன்னும் இரண்டு வருசத்துக்கு இந்த உடம்பு எதையும் எதிர்த்து நிற்காது என்றாராம். "மற்றப் பிள்ளையளுக்குச் சொறிஞ்சு போட்டுப் போற கொப்பளிப்பான் அம்மை இவளைக் கொண்டுபோடும். அது தொட்டுத்தான் வரவேணும் எண்டில்லை, காத்திலையே வரும்" என்று குணலட்சுமி எனக்குச் சொன்னபோது, 'காத்து' என்ற சொல்லில் அவள் குரல் இறங்கியது.

கணவன் பஞ்சலிங்கம் வெங்காயச் செய்கைக்காரன், சாது. தோட்டத்தால் வந்தால் கிணற்றடியில் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் மகளைத் தூக்கலாம். ஊசிக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் சைக்கிள் முன்சட்டத்தில் மகள், பின்னால் மனைவி. சந்தி நெருங்கியதும் பின்னாலிருந்து கட்டளை வரும்: "மூச்சைப் பிடி, அருந்ததி!" பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, சனக்கூட்டத்தைக் கடந்து போகும். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

போன கார்த்திகையில் விடாமல் மழை. குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அவர்களுடைய பங்கர் குழி இடிந்து தண்ணீர் நின்றது. எங்கள் வளவில் இருந்தது பனங்குற்றி அடுக்கிய உறுதியான பங்கர். பின்வளவுக் கொட்டிலில், மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தரீனா இரண்டு வயது மகளோடு இருந்தாள். கணவன் கடலில் போனவன், திரும்பவில்லை.

ஒரு நாள் காலை, மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்த நேரம், குண்டு போடும் பொம்பர் விமானம் வந்தது. முதல் சுற்றுச் சத்தத்திலேயே நானும் மனைவியும் பங்கருக்குள் இறங்கிவிட்டோம். கத்தரீனா பிள்ளையைப் பெற்சீற்றுப் போர்வையால் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னமே மூலையில் இருந்தாள். இரண்டாம் சுற்றில் வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் குணலட்சுமி ஓடி வந்தாள். இடுப்பில் அருந்ததி. பஞ்சலிங்கம் தோட்டத்தில்.

பங்கர் வாசலில் ஒரு காலை வைத்தவள், அங்கேயும் நின்றாள்.

"ஆருக்கும் காய்ச்சலோ?"

"இறங்கு பிள்ளை, குண்டு போடப் பதியிறான்!" என்று கத்தினேன்.

கத்தரீனா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். பெற்சீற்றை இன்னும் இழுத்து மூடினாள். பிறகு அழத் தொடங்கினாள். "வராதேங்கோ அக்கா. பிள்ளைக்குக் கொப்பளிப்பான் போட்டிருக்கு. முந்தநாள் தொடக்கம். சொன்னா கொட்டிலை விட்டு எழும்பச் சொல்லுவினம் எண்டு பயத்திலை..."

குணலட்சுமி மகளின் வாயையும் மூக்கையும் உள்ளங்கையால் பொத்தினாள். பொத்தத் தேவையிருக்கவில்லை. பிள்ளை ஏற்கெனவே கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தது.

"நான் வெளியாலை போறன் அக்கா, நீங்கள் வாங்கோ" என்று கத்தரீனா எழும்பினாள்.

"இரு அங்கை! பச்சைப் பிள்ளையோடை எங்கை போகப் போறாய்? நீ போனாலும் உதின்ரை காத்து உள்ளுக்கைதான் நிக்கும்."

அவ்வளவுதான். திரும்பி ஓடினாள். என் மனைவி எட்டிப் பிடித்த சேலைத் தலைப்பு கையோடு கிழிந்து வந்தது. கிணற்றடி வாழைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் மகளைக் கிடத்தி, அவளுக்கு மேலே தான் கவிழ்ந்து கிடந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். முழங்கையை ஊன்றி, பிள்ளையின் முகம் சேற்றில் படாமல் தூக்கி வைத்திருந்தாள். விமானம் குத்தெனக் கீழிறங்கும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் இருந்த ஒரு கணத்தில் பிள்ளையின் குரல் தெளிவாக வந்தது.

"அம்மா, இனி மூச்சு விடலாமோ?"

"விடு, ராசாத்தி. நல்லா விடு."

குண்டு அடுத்த ஒழுங்கைத் தோட்டவெளியில் விழுந்தது. நிலம் எங்களைத் தூக்கிப் போட்டது. புழுதி அடங்கி நான் ஓடிப்போனபோது வாழைகள் அறுந்து கிடந்தன. குணலட்சுமியின் முதுகில் குண்டின் சிதறல் துண்டு கிழித்து இரத்தம் சேற்றோடு ஓடியது. இடது காதிலிருந்தும் கசிந்தது. அடியில் கிடந்த பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. தூக்கப் போன என்னை அவள் தடுத்தாள். "குறை நினையாதேங்கோ, மாஸ்ரர். நீங்கள் உள்ளுக்கை இருந்தனீங்கள்."

அன்று பின்னேரம் பஞ்சலிங்கம் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. "பொம்பர் தலைக்கு மேலை நிக்குது, உனக்குக் கொப்பளிப்பானோ பெரிசு? ரெண்டு பேரும் போயிருந்தா நான் ஆருக்கு இருக்கிறது?"

"பொம்பர் போட்டிட்டுப் போயிடும். உது உள்ளுக்கை வந்தா இருந்து கொல்லும்."

பங்கர் வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரமே போதுமாக இருந்திருக்கலாம் என்றார் பெரியாஸ்பத்திரி டொக்டர். வந்திருக்குமானால் மூன்று கிழமைக்குள், இருபத்தொரு நாளில், தெரியும். தடுக்கும் மருந்து இங்கே இல்லை. அந்த நாட்களில் குணலட்சுமி சோறு தின்றதை யாரும் காணவில்லை. விடிந்ததும் மகளை வெயிலில் திருப்பித் திருப்பி நிறுத்தி முதுகையும் வயிற்றையும் பார்த்தாள். ஒரு காலை தோளில் சிவப்பாக ஒன்றைக் கண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அது வெறும் நுளம்புக் கடி.

கத்தரீனாவைக் கொட்டிலை விட்டு எழும்பச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. குணலட்சுமியும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் பொருக்குகள் காய்ந்து உதிர்ந்தன.

அருந்ததிக்கு ஒன்றும் வரவில்லை. இரத்தமும் இந்தமுறை நல்லாயிருக்கிறதாம். இன்னும் ஒரு வருசத்துக்கு மேல் மருந்து இருக்கிறது. அது கிளாலியால் ஒழுங்காக வந்து சேர வேண்டும். அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. இடது காது கேளாமல் போனதைப் பற்றியும் கதைப்பதில்லை.

நேற்றுப் பின்னேரம் வேலியால் பார்த்தேன். கிணற்றடியில் மகளை முன்னால் இருத்தி, தலைக்கு எண்ணெய் தொட்டுக்கொண்டிருந்தாள். கொழும்பில் கொட்டிய மயிர் இப்போதுதான் சாமைப் பயிர்போல முளைத்திருக்கிறது. சீப்புக்குப் பிடிபடாத அந்த முளைக்கு நடுவில் வகிடு எடுக்கப் பார்த்தாள்.

"அம்மா, ஹெலி" என்றது பிள்ளை.

குணலட்சுமி தலையைச் சரித்து, வலது காதை வானத்துக்குக் கொடுத்து, ஹெலிகொப்டர் இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"தூரத்தை. ஆடாதை" என்றாள். பிள்ளையின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே கோடாக இழுத்தாள்.