முருகனுக்கு விட்ட சேவல்

மகளுக்குக் காய்ச்சல் மாறினால் முருகன் கோயிலுக்குத் தருவதாக ஒரு சேவற்குஞ்சை நேர்ந்து விட்டோம். மகள் தேறினாள், குஞ்சும் பெரிய சேவலானது. கோயிலுக்குரியது என்று அதை யாரும் விரட்டுவதில்லை. முற்றத்தில் எதிரே வந்தால் நாங்களே ஒதுங்கி வழிவிடுவோம். கிணற்றடிக்குப் போகும்போது காலில் கொத்தும். நான் தடியெடுத்தால் என் கணவர், "அடியாதையும், சாமிக்கு நேர்ந்ததெல்லே" என்பார்.

ஒரு மார்கழிக் காலை. வேலியும் அதற்கப்பால் புகையிலைத் தோட்டமும் பனிக்குள் கரைந்து, அச்சுவேலி ஊர் முழுவதும் இன்னும் கண் விழிக்காததுபோல் இருந்தது. மகள் வாசற்படியில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெண்மைக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ அவளை நோக்கிப் பறந்து வந்தது. என்ன அழகு என்று பார்த்தபடியே நின்றுவிட்டேன். அவள் அலறியபோதுதான் அது சேவல் என்று விளங்கியது. அதன் கால் முள் அவள் கண்ணுக்கு ஒரு நெல்லளவு கீழே கிழித்திருந்தது.

அடுத்த வீட்டு மணியக்கா ஓடிவந்து காயத்தைக் கழுவினார். "நீங்கள் விலக விலக, உந்த வளவு முற்றமெல்லாம் தன்ரை எண்டு அது நினைக்குது. பிடிச்சுக் கையிலை தூக்கி வைச்சிருங்கோ, அடங்கும். தூக்கினா முருகன் கோவிக்கப்போறாரே?" என்றார்.

சேவலுக்குப் பின்னால் போய், இரண்டு சிறகையும் சேர்த்தணைத்துத் தூக்கினேன். கொஞ்சம் உதறிவிட்டு அடங்கியது. அதன் நெஞ்சு என் விலாவில் படபடவென்று அடித்தது. இவ்வளவு பயமா இதற்கு!

இப்போதெல்லாம் காலையில் கூடு திறந்ததும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனிக்குள் முற்றத்தைச் சுற்றி வருகிறேன். மகளும் பின்னால் வந்து வாலைத் தடவுகிறாள். வருகிற தைப்பூசத்துக்குக் கோயிலில் விட வேண்டும். அங்கே அதை யார் தூக்குவார்கள் என்பதுதான் என் கவலை.