அப்பாவும் நூற்று நாற்பதும்

பள்ளிப் பேருந்து ஓட்டும் என் அப்பா சுடலைராஜ், பத்தொன்பது வருடத்தில் ஒரு விபத்துகூடச் செய்ததில்லை. ஆனால் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினால் போதும், ஆள் மாறிவிடுவார். வீட்டில் 130 காட்டும். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் 170.

இந்த வருடம் பள்ளியில் ஒரு புது விதி போட்டார்கள். அழுத்தம் 140க்குக் கீழே என்று டாக்டர் எழுதிய சான்றைப் பள்ளி திறப்பதற்குள் தர வேண்டும். இல்லாவிட்டால் பேருந்துச் சாவி வேறு ஒருவருக்குப் போய்விடும். அப்பா இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினார். கடைசி வாய்ப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் தலையில் அவருடைய அழுத்தத்தை இறக்கும் வேலை விழுந்தது.

டாக்டரே எங்களை மனநல ஆலோசகர் கிறிஸ்டி அக்காவிடம் அனுப்பினார். விரலில் மாட்டினால் நாடித்துடிப்பை எண்ணாகக் காட்டும் ஒரு சின்னக் கருவியை அக்கா கொடுத்தார்.

"மூச்சைப் பைய விடுங்க அண்ணாச்சி. மனசுக்குப் பிடிச்ச எடத்த நினைங்க. எத நினைச்சா நம்பர் இறங்குதுன்னு பாத்துப் பழகணும். மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராதிய."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, விரலில் கருவியை மாட்டிவிட்டு, பாபநாசம் அருவியை நினைக்கச் சொன்னேன். அப்பா கண்ணை மூடினார். 84. 88. 95.

"என்னப்பா நினைக்கிய?"

"அருவிக்குத்தான் போறேன். வண்டிய எங்கன நிப்பாட்டன்னு பாக்கேன். ஒரு இடம் இல்ல."

"நினைப்புலதானப்பா! இறங்கி நடந்து போங்க."

"நாப்பது பிள்ளையள வண்டிக்குள்ள விட்டுட்டு எங்கிட்டு நடக்க?"

"பிள்ளையள எதுக்குக் கூட்டிட்டுப் போனிய?"

"பின்ன, வண்டி காலியாவா போவும்?"

சரி, சீவலப்பேரி ஆற்றில் குளிப்பதாக நினைக்கச் சொன்னேன். கரையில் கழற்றிப் போட்ட சட்டையை எவனோ தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னார். 98. பச்சை வயலை நினைக்கச் சொன்னால், அதில் மாடு புகுந்துவிட்டது என்றார். அடுத்து, கண்ணைத் திறந்துகொண்டு எண்ணையே முறைத்தார். முன்னால் போகும் லாரியை முந்தப் பார்க்கிறவர் மாதிரி, "இந்தா இறக்குதேன் பாரு" என்று பல்லைக் கடித்தார். 104.

பக்கத்து வீட்டு தேவதாசன் மாமா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே சுடல, பரீட்சை எழுதப் போறது நீயா ஒம் மவளா? அவளுக்குல்லா ரத்தம் கொதிக்கு!"

உண்மைதான். ஒரு நாளைக்கு இருபது முறை மாட்டிக் கழற்றியதில் என் பொறுமைதான் தீர்ந்துபோனது. ஒன்பதாம் நாள் கருவியைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "எக்கேடும் கெட்டுப் போங்க" என்று கத்தினேன். அப்பா கருவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிறிஸ்டி அக்காவிடம் போகப் பைக்கை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழியில் ரயில் கேட் மூடிவிட்டார்கள். நேரமாகிறதே என்று நான் பின்னால் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்பா எஞ்சினை அணைத்தார், காலை ஊன்றினார், பொழுது போகாமல் கருவியை விரலில் மாட்டினார். 72. நான் பேச்சை நிறுத்தினேன். 68.

"யப்பா, இப்ப என்ன நினைக்கிய?"

"ஒண்ணும் நினைக்கலட்டி. கேட்டு போட்டா நம்ம கையில என்ன இருக்கு? லேட்டுன்னு ஒருத்தன் ஏச முடியாதுல்லா."

பத்தொன்பது வருடத்தில் அவருக்கு ஓய்வென்று கிடைத்ததே கேட் மூடிக் கிடக்கும் அந்த ஐந்து நிமிடம்தான். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

அன்றிலிருந்து அருவி, ஆறு எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். கேட் மூடுகிறது, எஞ்சின் அணைகிறது, மூச்சு வெளியே போகிறது. மீதி மூன்று நாளும் அதுதான் பயிற்சி.

கடைசி நாள் டாக்டர் முதலில் பார்த்தபோது 158. அப்பா, "பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று கேட்டுக் கண்ணை மூடினார். அவருடைய தோள்கள் மெதுவாக இறங்குவதைப் பார்த்தேன். டாக்டர் மறுபடி பட்டையைச் சுற்றினார். 136.

"அப்படி என்ன செஞ்சீங்க?"

"எஞ்சின அணைச்சிட்டேன் சார்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு மாதத்துக்குச் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தால், எங்கள் பைக்கை மறித்து ஒரு ஆட்டோ நின்றது. "ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அப்பா தெருவே திரும்பிப் பார்க்கக் கத்த ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சான்றை அவர் கையிலிருந்து பிடுங்கி என் கைப்பைக்குள் வைத்தேன். டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதற்குள் ஆளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.