ரெண்டாம் வரிசையில் மூணாவது பொண்ணு

எனக்கு நன்றாக ஆட வரும். இதைச் சொல்ல அன்றைக்கும் கூச்சப்பட்டதில்லை, இன்றைக்கும் இல்லை. தன்னடக்கமெல்லாம் ஆடத் தெரியாதவர்களுக்கு, பாத்துக்கிடுங்க. குற்றாலத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக் கோலாட்டத்தில், நான் நிற்கிற வட்டம் மட்டும்தான் தப்பாமல் சுற்றும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னால் அம்மா, "அது சோத்துக்கு ஆவுமாட்டி?" என்பாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. அப்பா இல்லாத வீடு. சீசனுக்குக் குளிக்க வந்து பங்களா எடுத்துத் தங்குகிற குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் என்னையும் தங்கச்சியையும் வளர்த்தாள். சாரல் அடித்தால் ஊரே குளிர்ந்து கிடக்கும், அம்மா மட்டும் நாலு அடுப்புக்கு நடுவில் வேர்த்து நிற்பாள்.

எனக்குப் பத்தொன்பது வயதில், கோடம்பாக்கத்துச் சித்திக்குப் பிள்ளைப்பேறு பார்க்க என்னை மெட்ராசுக்கு அனுப்பினாள். சித்தப்பா ஒரு ஸ்டூடியோவில் தையல்காரர். டான்ஸ் கோஷ்டிக்கு ஜாக்கெட் அளவெடுக்கப் போனவரோடு ஒருநாள் நானும் தொற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், வரிசையில் ஓர் இடம் காலி. டான்ஸ் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆடுவியா?" என்றார். "ஆடச் சொல்லிப் பாருங்க, பெறவு கேளுங்க" என்றேன். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். சித்திக்குப் பிள்ளை பிறந்து, அது தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. நான் ஊர் திரும்பவில்லை.

நான் ஆடிய மூன்றாவது படம் ஒரு குடும்பப் படம். அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரே வீடு, ஒரே உலை. மூத்தவன் கல்யாணம் முடித்துப் புதுப்பெண்ணோடு வாசலில் வந்து நிற்கும்போது வீடே சேர்ந்து ஆடிப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. கொழுந்தன்மார் ஒரு பக்கம் குதிப்பார்கள். மாமியார்க்காரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் இறங்கிவிடுவாள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் பன்னிரண்டு பேர், கையில் பித்தளைத் தாம்பாளம். தாளத்துக்கு அதைச் சுழற்றி, மேலே வீசிப் பிடித்து, தூணைச் சுற்றி ஓடிவர வேண்டும். நான் ரெண்டாம் வரிசையில் மூணாவது. நாலு நாள் எடுத்தார்கள். விரலெல்லாம் வீங்கிப்போனது. ஆனால் ஒரு தடவைகூட நான் தாம்பாளத்தைக் கீழே போடவில்லை. முன்வரிசைக்காரி ஒருத்தி இரண்டு தடவை போட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஆனி மாதம் அம்மாவிடமிருந்து கார்டு வந்தது. உடனே புறப்பட்டு வா என்று இருந்தது. யாருக்கு என்னவோ என்று பதறிக்கொண்டு வந்தால், ஆலங்குளத்து மாப்பிள்ளை பேச்சு! மளிகைக் கடை, ஒரே பையன், சொந்த வீடு. வார்த்தை சொன்னால் பெண் பார்க்க வந்துவிடுவார்களாம். எனக்கோ திங்கட்கிழமை காலையில் அடுத்த படத்துக்கு ஒத்திகை. அன்றைக்கு வராதவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்று மாஸ்டர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலை விட்டால் என் ஆட்டம் அத்தோடு சரி.

"நான் போணும்மா" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"எதுக்கு? ஆடவா?" என்றாள். மகள் சித்தி வீட்டில் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறாள் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு நாள் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றை வடித்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "அந்தப் படம் இங்கன ஓடுதாமே. சனிக்கிழமை நானும் வாரேன். நீ ஆடுறத ஒருக்கா பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன், மெட்ராசா ஆலங்குளமான்னு."

எனக்கு அது போதாதா! என்னைத் திரையில் பார்த்துவிட்டால் அம்மா அசந்துபோவாள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போது குற்றாலத்தில் சீசனுக்கென்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தென்காசித் தியேட்டரில் ஓடுகிற படம்தான் இங்கேயும் ஓடும். கொட்டகை இரண்டு, படப்பெட்டி ஒன்று. தென்காசியில் மேட்னி இரண்டு மணிக்கு, இங்கே மூன்று மணிக்கு. அங்கே ஓடி முடிந்த ரீல்களை ஓர் ஆள் சைக்கிளில் வைத்துக் கட்டி, மூன்று மைல் மிதித்து இங்கே கொண்டுவந்து கொடுப்பார். இது ஊரறிந்த சங்கதி. எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நான் பண்ணின காரியத்தைக் கேளுங்கள்.

தென்காசி ரயில் நிலையத்துப் பக்கம் என் தாய்மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமா, நாளைக்கு மேட்னிக்கு உங்க சேக்காளிகளக் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்தப் பாட்டு முடிஞ்சதும் ஒன்ஸ் மோர் கேளுங்க. படம் விட்டதும் நேரா குத்தாலம் வந்து, தென்காசியே கத்துச்சுன்னு அம்மாட்ட சொல்லுங்க. அம்மா அப்படியே மயங்கிருவா." ரெண்டாம் வரிசை, மூணாவது ஆள் என்று அடையாளமும் சொன்னேன். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஏ, எம் மருமவளா கொக்கா! விடுட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளை இல்லை, அதைவிடப் பெரிய வாய்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அம்மாவோடு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு அது வாழ்க்கையில் இரண்டாவது படமோ மூன்றாவதோ. ஆறு மணிக்குள் திரும்பிக் காரைக்குடிக்காரக் குடும்பம் ஒன்றுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உலை வைக்க வேண்டும். படம் நன்றாகத்தான் போனது. புதுப்பெண் வண்டியில் வருகிறாள், ஊர் எல்லை தெரிகிறது, இதோ வாசல். திரை வெள்ளையானது. விளக்குப் போட்டார்கள்.

அடுத்த ரீல் வரவில்லை.

"புகை பிடிக்காதீர்" சிலைடு போட்டார்கள். பல்பொடி விளம்பரம் போட்டார்கள். மறுபடி "புகை பிடிக்காதீர்". ஆண்கள் பக்கத்தில் ஒரே விசில். அவர்களில் சில பேர் பொறுமை கெட்டுப் போய் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பியும் வந்துவிட்டார்கள், ரீல் வந்தபாடில்லை. கடைசியில் டிக்கெட் கிழிக்கிறவர் வந்து, "தென்காசியில ஏதோ பாட்டுக்கு ஒன்ஸ் மோராம்மா. மூணு தடவ போட்டாச்சாம், இன்னும் விட மாட்டேங்கானுவளாம்" என்றார்.

அடி ஆத்தே! அங்கே என் பேரைச் சொல்லிப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது, அதனால்தான் இங்கே அம்மா முன்னால் வெறும் வெள்ளைத் துணி தொங்குகிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான்.

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நேரமாச்சு. வா போவோம்."

"எம்மா, இப்பம் வந்துரும்மா. இத்தன நேரம் இருந்தாச்சுல்லா!"

"அஞ்சு மணி வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல எனக்கு அடுப்பு இருக்கு. இந்தப் பாட்டு வரலன்னா ஆலங்குளத்துக்காரங்களுக்குச் சொல்லிவிட்டுருவேன். நாளைக்கு வந்து பாக்கட்டும்" என்று மறுபடி உட்கார்ந்தாள்.

அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள்காரர் தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தார். காத்துக் காத்து இரண்டு ரீலாகவே கொண்டுவந்துவிட்டார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வாசலில் மானேஜர் சத்தம் கேட்டது: "நேரம் போச்சு. பாட்டு ரீல விட்டுட்டு அடுத்தத ஓட்டச் சொல்லு. ஒரு பாட்டு இல்லன்னா கதை நின்னா போவும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து ஓடி, ஆபரேட்டர் அறைக்குப் போகிற மரப்படியில் ஏறிவிட்டேன். ஆபரேட்டர் ஒரு வயதான அண்ணாச்சி, அடுத்த ரீலைக் கையில் எடுத்தே விட்டார். "அண்ணாச்சி, அந்தப் பாட்டப் போடுங்க. அதுல நான் ஆடியிருக்கேன்" என்றேன்.

"ஏட்டி, பேசாம போ. பாட்டுல இருக்கேன்னு தெனம் ஒருத்தி சொல்லுவா" என்று சிரித்தார்.

பக்கத்தில் ரீல் டப்பாவின் மூடி கிடந்தது. எடுத்தேன். அந்த ஒற்றைப் படியில் நின்றுகொண்டே நாலு அடி ஆடி, மூடியைச் சுழற்றி மேலே வீசிப் பிடித்தேன். தகரக் கூரையில் இடிக்காமல் வீசினேன், அதுவும் ஒரு வித்தைதான். அண்ணாச்சி நாலைந்து நாளாகத் தினமும் அந்தப் பாட்டை ஓட்டினவர். வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். கையிலிருந்த ரீலைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டு ரீலை எடுத்து மாட்டினார். "மானேஜர் கேட்டா கை மாறிப்போச்சுன்னு சொல்லிக்கிடுதேன். ஓடு, போய் உக்காரு."

மூச்சு வாங்க வந்து உட்காரவும் மேளம் தொடங்கவும் சரியாக இருந்தது. "எம்மா, கிளிப்பச்சைத் தாவணியப் பாரு. அதான் நான்" என்று அம்மா காதில் சொன்னேன். அம்மா முன்னால் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாள். நானும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை. பாட்டு பாதி போனபிறகுதான் எனக்கு உறைத்தது. படம் கறுப்பு வெள்ளை! முதல் ரீலிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேரில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டாமா? ஸ்டூடியோ வெளிச்சத்தில் நாலு நாள் ஆடின எனக்கு அந்தப் பாட்டு முழுக்கக் கலராகவே மனசில் இருந்தது. "பச்சை இல்லம்மா, ரெண்டாவது வரிசை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாமியார்க்காரி திரை முழுக்க வந்து சிரித்தாள். பாட்டு முடிந்தது.

அம்மா எழுந்து வெளியே நடந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தவள், நின்று திரும்பினாள்.

"உன்னக் காங்கல."

"எம்மா..."

"கண்ணு வலிக்கத் தேடுனேன். அத்தன பேரும் ஒண்ணு போல இருக்காளுவ, ஒண்ணு போல ஆடுதாளுவ. பெத்தவ எனக்கே உன்ன அடையாளம் தெரியலன்னா, ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?" அவள் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி. "நாளைக்கு உன் தங்கச்சியக் கட்டிக்குடுக்கணும். இன்னார் மக சினிமாவுல ஆடுதான்னு ஒருத்தன் கைநீட்டிச் சொல்லிருவானோன்னுதான் எனக்குத் தூக்கமே இல்ல. இது யாருக்குட்டி தெரியப்போவுது! நீ போ. ஆலங்குளத்துக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் யாரோ அறைந்தது போல இருந்தது. திரும்ப வா அம்மா, கையைப் பிடித்துக் காட்டுகிறேன், தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேனே, அது உன் மகள் இல்லையா என்று கத்த வேண்டும் போல இருந்தது. அம்மா சொன்னதை மாஸ்டர் கேட்டிருந்தால் என் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். பின்வரிசையில் ஒருத்தி தனியாகத் தெரிந்தால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு அந்த நேரத்தில் மாஸ்டரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தென்காசி பஸ் வந்து நின்றது. படம் முடியும்வரை பொறுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்ட மாமா குதித்து இறங்கினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"யக்கா! பாத்தியாக்கா உம் மவள? நாலு தடவ போட வச்சோம்லா! ரெண்டாம் வரிசையில மூணாவது ஆளு, தூணுகிட்ட தட்டத் தூக்கிப் போட்டுப் பிடிக்கா பாரு, அவதான் நம்ம பிள்ள! கடைப் பக்கம் எல்லாத்துக்கும் நாளைக்கே சொல்லப் போறேன்!"

அம்மா முகத்திலிருந்த நிம்மதி அப்படியே வடிந்தது. என்னைப் பார்த்தாள்.

"அது நான் இல்ல மாமா" என்றேன்.

"ஏட்டி, என்ன சொல்லுத? நீதான சொன்ன? உன் நடைய எனக்குத் தெரியாதா?"

"அவ நெல்லூர்க்காரி. என்னய மாதிரியே இருப்பா. நான் அந்தப் பக்கம், கூட்டத்துல நிப்பேன். சரியாத் தெரியாது. யார்ட்டயும் சொல்லிராதீங்க மாமா, பெறவு உங்களத்தான் சிரிப்பாவ."

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "அப்போ இத்தன நேரம் எவளோ ஒருத்திக்காட்டி கத்துனோம்?" என்றார். எனக்காகத் தொண்டை கிழியக் கத்தின மனுஷரிடம் பொய் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் தென்காசி ஸ்டேஷனுக்கு அம்மாவே வந்து ரயில் ஏற்றினாள். புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "அடுத்த படத்துலயும் இப்பிடியே பின்னாலயே நில்லுட்டி, என்ன?" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

திங்கட்கிழமை ஒத்திகையில் எனக்கு முன்வரிசை, நட்ட நடுவில். நான் ஊருக்குப் புறப்படும்போதே மாஸ்டர் அதைச் சொல்லியிருந்தார். படம் பார்த்து அம்மா அசந்து நிற்கும்போது சொல்லலாம் என்று ஆசை ஆசையாக வைத்திருந்தேன். ரயில் நகரும்வரை வாயைத் திறக்கவில்லை.