கத்தரிப் பாத்திக்குப் போட்ட பாசி

பெரிய சண்டைக் காலம் அது. அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுத்தார்கள். வீட்டு வளவில் ஏதாவது நட்டுத் தின்னுங்கள் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எங்கள் வளவு, கடல்நீர் ஏறும் வாவியின் கரையில். அப்பா செத்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு வாய்த்தவர் வெல்லாவெளி வயல்காரர். வந்த வீட்டில் கையையும் காலையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் மண்வெட்டியைத் தூக்கியபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

கத்தரியும் வெண்டியும் கொச்சி மிளகாயும் நட்டார். தென்னோலையால் நிழல் கட்டி, விடிந்ததும் கன்றுகளுக்கு முன்னால் குந்தியிருப்பார். என்னை ஒருநாளாவது இப்படிப் பார்த்தீர்களா என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

நான் மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோதுதான் வினை வந்தது. வயலுக்கு இலை குழை போட்டு உழுகிற பழக்கத்தில், கரையில் ஒதுங்கிய வாவிப் பாசியைக் கடகம் கடகமாக அள்ளிவந்து கன்றுகளின் அடியில் பரப்பிவிட்டார்.

அந்தப் பாசியை ஒரு மாரி மழையில் கிடக்கவிட்டு, உப்புப் போன பிறகுதான் போட வேண்டும். அம்மாவுக்கு அது தெரியும். ஆனால் மாமி மருமகனோடு நேரே பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். வாயோ மண்டூரில் இருந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று இருமினாள், சட்டியைத் தட்டினாள். வேலை போதாதென்று மாமிக்குக் கோபமாக்கும் என்று அவர் இன்னும் இரண்டு கடகம் கொண்டுவந்து போட்டாராம்!

நான் திரும்பி வந்தபோது கன்றெல்லாம் கருகிக் கிடந்தது.

"ஒரு சொல்லுச் சொன்னா என்னம்மா?"

"மருமகனோட எப்பிடிகா கதைக்கிற?" என்றாள் அம்மா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

மறுநாள் அவர் வேட்டியை மடித்துப் பையில் வைத்தார்.

"எங்கட வயல் வட்டையில வேலை கிடக்கு புள்ள. கொஞ்ச நாள் நிண்டுட்டு வாறன். எனக்கு இந்த மண் சரிவராது."

வீட்டைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. போனால் திரும்பமாட்டார். "போகாதீங்க மச்சான்" என்று அழுதேன். அவர் பையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

வேலிக் கடப்படியை அவர் திறக்கும்போது அம்மா வெளியே வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, வேலியைப் பார்த்தபடி அவரிடம் பேசினாள்.

"மருமகன், நில்லுங்க. பாசியில உப்புக் கிடக்கு. தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்திட்டன். பாசிய அள்ளி எறிஞ்சிட்டு மண்ணக் கழுவி வேற கன்று நட்டா மாரிக்குக் கத்தரி காய்க்கும். நானும் தண்ணி ஊத்துறன்."

அவர் கடப்படியைச் சாத்தினார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் கடகத்தைத் தேடிப் போனார்.

அந்த மாரியில் காய்த்த முதல் கத்தரிக்காயை அம்மாதான் கறி வைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிடும்வரை குசினி வாசலில் நின்றாள்.

"மருமகன், உப்புக் காணுமா, இன்னும் போடவா?"

"காணும் மாமி. இந்த முறை அளவாத்தான் கிடக்கு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். கறிச்சட்டி என் கையில்தான் இருந்தது, கேட்டது அம்மாவிடம்.