காளை தின்ற டாரின்

என் கணவரின் இருதயத்துக்காக வந்த டாரின் என்ற சத்துப் பவுடரை எங்கள் காளை தின்று தீர்த்தது. அது தெரிந்த அன்று காலி டப்பாவை அவர் மேல் வீசினேன். பிளாஸ்டிக் டப்பாதான், ஆனாலும் விளிம்பு பட்டு நெற்றி கிழிந்தது. எனக்குக் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லை.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும், சாயங்காலமானால் கால் வீங்கும். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி, இருதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, ஊருக்கு வந்தவர் கையில் டாரின் பவுடர் கொடுத்துவிட்டான். லேபிளில் கொம்பைத் தாழ்த்திப் பாயும் ஒரு காளை. புதுக்கோட்டையில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மீனு, கறியில இருக்கறதுதாம்மா. நம்ம ஒடம்பே கொஞ்சம் செஞ்சுக்கும். மாத்திரையோட சேத்துக் குடிச்சா சில பேருக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு சொல்றாங்க, இன்னும் உறுதியாத் தெரியல. வேணும்னா குடுத்துப் பாருங்க. ஆனா மாத்திரைய மட்டும் விட்றாதீங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆதியில் காளையின் பித்தத்திலிருந்து எடுத்ததால் அந்தப் பேர் வந்தது, இப்போது ஃபேக்டரியில் செய்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் கணவர் காதில் விழுந்தது காளை மட்டும்தான்.

எங்கள் அன்னவாசல் பக்கம் ஆண்களுக்கு வாடிவாசல் என்றால் பைத்தியம். இவர் வளர்க்கும் காளையை அதுவரை ஒருத்தனும் திமிலைப் பிடித்து அணைந்ததில்லை. காளைப் படம் போட்ட டப்பா, காளைப் பேர் வைத்த மருந்து, அப்படியானால் காளைக்குச் சேர வேண்டியது என்று முடிவு கட்டிவிட்டார். நான் மோரில் கலக்கிக் கொடுத்ததை எனக்குத் தெரியாமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றினார். மிச்சப் பவுடரைப் பருத்திக்கொட்டையோடு பிசைந்து மாட்டுக்கு ஊட்டினார்.

"யோவ், நெஞ்சு ஒனக்கா, மாட்டுக்கா?" என்று கத்தினேன்.

நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு, "அது செயிச்சா எனக்கு நெஞ்சு தானா தெம்பாயிரும் புள்ள" என்றார். இந்த மனுஷரை என்ன செய்வது?

காளை ஜெயிக்கத்தான் செய்தது. வாடிவாசலை விட்டு வந்ததும் ஒருவன் தொடையைக் கிழித்தது. திமிலில் தொங்கியவனைத் தூக்கித் தரையில் அடித்தது. மைக்கில் எங்கள் மாட்டுக்கு அண்டா பரிசு என்று அலறினார்கள். அது கூட்டத்தை உடைத்துக்கொண்டு காய்ந்த கண்மாய்க்குள் ஓட, இவர் கயிற்றோடு பின்னால் ஓடினார். ஓடக் கூடாத மனுஷர். நடுக் கண்மாயில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

காளை திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டது. யாரையும் அண்ட விடவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் கொண்டுபோன ஸ்ட்ரெச்சரைக் கொம்பில் கோத்து வீசியது. வாலைப் பிடிக்கப் போனவருக்கு வயிற்றில் குத்து. என் கணவர் வாயில் நுரை தள்ளுவதைக் கரையிலிருந்து பார்த்தேன்.

வேலியில் கிடந்த கருவேலங்கட்டையை எடுத்தேன். யாரோ சேலையைப் பிடித்து, "போகாதீங்க, குத்திரும்" என்றார்கள். உதறிவிட்டு ஓடினேன். தினமும் தவிடு வைக்கிறவளை அந்த மாட்டுக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் தயங்கியது. நான் தயங்கவில்லை. மூக்கு மேலேயே ஓங்கி அடித்தேன். ரத்தம் என் முகத்தில் தெறித்தது. கொம்பு என் விலாவைக் கீறியது. வலி தெரியவில்லை, வெறிதான் இருந்தது. "போ அங்கிட்டு! எம் புருசன எனக்கு விட்டுட்டுப் போ!" என்று கத்திக் கத்தி அடித்தேன். அது பின்வாங்கியதும் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவருடைய கூட்டாளி அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். டாரின் போனது பெரிய விஷயமே இல்லை. நீர் பிரிய வைக்கும் மாத்திரையைத்தான் இவர் விட்டிருக்கிறார். வாடிவாசல் வரிசையில் மாட்டோடு நிற்கிறவர் ஒதுங்கப் போக முடியாது. கயிற்றை விட்டால் பக்கத்து மாட்டைக் குத்தும். மூத்திரம் போகாமல் நிற்க முன்கூட்டியே பழகிக்கொள்கிறேன் என்று, நான் கொடுத்த மாத்திரையை வாயில் வாங்கி, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறார்.

கண் விழித்ததும் ஆக்சிஜன் மூடியை விலக்கிக்கொண்டு அவர் கேட்டது, "மாட்ட மூஞ்சியிலயா அடிச்ச?"

கன்னத்தில் விட்டேன் ஒரு அறை. வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்து, "என்னம்மா, ஆஸ்பத்திரின்னு நெனச்சீங்களா, வீடுன்னு நெனச்சீங்களா?" என்று சத்தம் போட்டார். அவர் கொண்டுவந்த மாத்திரையை வாங்கி, அடித்த கையாலேயே என் கணவர் வாயில் போட்டேன். தண்ணீர் கொடுத்து, வாயைப் பொத்தினேன். தொண்டை ஏறி இறங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாக்கத் தூக்கு" என்றேன்.

தூக்கிக் காட்டினார்.