விசாரிக்கும் ஊர், விசாரிக்காத ஊர்

திண்டிவனத்தில் புதிதாக ஒரு பெண்ணைப் பார்த்தால் முதலில் கேட்பது, "நீ யார் ஊட்டுப் பொண்ணு?" என்றுதான். விழுப்புரத்தில் அந்தத் தொல்லை இல்லை. "எந்த வண்டிக்குப் போவணும்?" என்பார்கள். பதில் சொல்லிவிட்டால் அத்தோடு விட்டுவிடுவார்கள். பாக்கியமேரி பதினாலு வருஷம் அந்த இரண்டாவது கேள்வியை நம்பித்தான் பிழைத்தாள்.

அதற்கு முன்னால் அவள் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தாள். களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சொத்தைக் கடலையைப் பொறுக்கித் தள்ளுவார்கள். கைக்கு மல்லாட்டை, வாய்க்கு ஊர்க்கதை. அந்த வட்டத்துக்கு முனியம்மாள் வைத்ததுதான் சட்டம். எந்த வீட்டில் உலை ஏறவில்லை, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாக்கியமேரியின் புருஷன் சவுரிராயன் அடிக்கிறவன். ராத்திரி விழுந்த அடி விடிந்ததும் களத்துக்கு வந்து சேர்ந்துவிடும். "நேத்து எதுக்குடி அடிச்சான்?" என்று முனியம்மாள் மண்டிக்கே கேட்கிற குரலில் கேட்பாள். அடியைவிட அதுதான் பாக்கியமேரிக்கு வலித்தது. அவர்கள் பாவம் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அவள் குழந்தைக்கு மதியம் கேப்பைக் கூழ் கரைத்து ஊற்றியதும் அவர்கள்தான். ஆனால் பாவம் பார்க்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

அப்பன், ஆத்தாள் இல்லாதவள். போய் நிற்க ஒரு வீடு கிடையாது. 1951இல் ஒரு நாள் காலை, வீங்கிய கன்னத்தோடு களத்துக்குப் போக மனம் வரவில்லை. நாலு வயது மகள் ஜெயத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். கையில் இருந்த காசு விழுப்புரம் வரைக்கும்தான் வந்தது. கழுத்தில் கிடந்த தாலியை விற்று இட்லிப் பானையும் நாலு தட்டும் வாங்கி, ஸ்டேஷனுக்கு எதிரில் இட்லிக் கடை போட்டாள்.

ஜங்ஷன் என்றால் ஜங்ஷன்தான். ஒரு வண்டியில் இறங்கி மறு வண்டிக்குக் காத்திருக்கிற கூட்டம் ஓயவே ஓயாது. "ஜல்தி குடும்மா, வண்டி கெளம்பிடும்" என்று ஒரு கண்ணை இட்லியிலும் ஒரு கண்ணை ஸ்டேஷனிலும் வைத்துக்கொண்டு தின்பார்கள். அவள் முகத்தைப் பார்க்க யாருக்கும் கண் மிச்சமில்லை. பாக்கியமேரிக்கு அது சொர்க்கமாக இருந்தது. திண்டிவனத்து முகம் ஏதாவது தென்பட்டால் மட்டும் முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்பை ஊதுவாள்.

குடியிருந்த சந்தில் வெறும் கழுத்தைப் பார்த்து, புருஷன் இல்லாதவள் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்சாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அம்சா அவளை இட்லிக்கார அக்கா என்று கூப்பிட்டாள். அந்தப் பேரே போதும் என்று இவளும் இருந்துவிட்டாள்.

ஜெயத்துக்குக் கல்யாணம் பேசுகிற நாள் வந்தது. விக்கிரவாண்டி அமிர்தசாமியின் மகன் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அவன் இட்லி தின்ன வந்து ஜெயத்தைப் பார்த்தவன். ஜெயத்துக்கும் அவனைப் பிடித்திருந்தது. மண்ணில் உழைக்கிற நிதானமான மனிதர் அமிர்தசாமி. பெண் கேட்டு வந்தவர், சொந்த ஊர் எது என்று கேட்டார். பொய் சொல்லலாம்தான். ஆனால் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஜெயத்தின் ஞானஸ்நானச் சீட்டு வேண்டும், அது திண்டிவனத்துக் கோயிலில் இருந்தது.

"திண்டிவனங்க. மல்லாட்டை மண்டியில வேல செஞ்சிக்கினு இருந்தேன்" என்றாள். புருஷன் பேச்சை எடுக்கவில்லை.

"ரெண்டு ஊர்லயும் ஒரு வார்த்த விசாரிச்சுக்கிறேன். தப்பா நெனைக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் திரும்பி வரும் வரைக்கும் அவளுக்கு அதே நினைப்புதான். புருஷனை விட்டு ஓடியவள் மகளை யார் எடுப்பார்கள்? தன் ஓட்டம் மகள் காலை வாரிவிட்டதே என்று குமைந்தாள்.

அமிர்தசாமி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இந்தச் சந்துல கேட்டேன். இட்லி நல்லா இருக்கும்னாங்க. வேற ஒண்ணும் தெரியல. பக்கத்து ஊட்டம்மாவுக்கு உங்க பேரே தெரியலீங்க."

"அங்க?"

"அங்க உட்டாத்தானே! புருஷன உட்டுட்டுப் போனவன்னாங்க. வாய் ஜாஸ்தின்னாங்க. மண்டி மேஸ்திரிய மொறத்தால அடிச்சீங்களாமே?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "முனியம்மான்னு ஒரு அம்மா, அந்தக் கொழந்தைக்குக் காதுல சீழ் வடியுமே, நின்னுச்சான்னு கேக்குது."

பாக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப, சம்பந்தம்?"

"யாருன்னே தெரியாத ஊட்ல எடுக்கத்தாம்மா பயந்தேன். குத்தங்கொற தெரிஞ்ச ஊட்ல எடுக்க இன்னா பயம்? எடுத்துக்கிறோம்." அவர் எழுந்தார், பிறகு தயங்கி நின்றார். "இன்னொண்ணு. உங்க ஊட்டுக்காரரு தவறி மூணு வருசம் ஆவுதாம். சொல்லி அனுப்ப நீங்க இருக்கிற எடம் யாருக்கும் தெரியலையாம்."

அவர் போன பிறகும் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சவுரிராயன் மேல் இருந்த ஆசையால் அல்ல. அவன் செத்துக் கிடந்த அன்றைக்கும் யாருக்கோ சிரித்துக்கொண்டே சட்னி ஊற்றியிருப்போமே என்று நினைத்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அம்சா, என் ஊட்டுக்காரரு செத்துட்டாரு."

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்சா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "இன்னாக்கா, புதுசா சொல்றீங்க? அது எப்பவோ தானே?"

அம்சா மேல் பிசகில்லை. ஆனால் அந்தச் சந்தில் மேற்கொண்டு யாரிடமும் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் திண்டிவனத்துக்கு வண்டி ஏறினாள். களத்தில் வட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. நரைத்துப் போன முனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாடி மகராசி! பொணத்தப் போட்டு வெச்சுக்கினு உன்ன எங்கெங்கடி தேடறது? ஒரு சேதி சொல்லணும்னு தோணலையா உனுக்கு?" என்று மண்டிக்கே கேட்கிற குரலில் சத்தம் போட்டாள்.

பாக்கியமேரி முனியம்மாள் பக்கத்தில் போனாள். களத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முனியம்மாள் கட்டிக்கொண்டு அழுதாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்படி அழுது அவளுக்குப் பல வருஷம் ஆகியிருந்தது.

சாயங்காலம், காலை இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டும் என்று எழுந்தாள். விழுப்புரத்தை விட்டுவிட்டுத் திரும்பி வருகிற எண்ணம் அவளுக்கு அப்போதும் இல்லை. முனியம்மாள் கையை விடவில்லை.

"எந்தத் தெருவு, எந்த ஊடு, சொல்லிட்டுப் போடி."

பாக்கியமேரி சொன்னாள்.