தண்ணி வந்துருச்சுங்களா?

கருமத்தம்பட்டியில் அங்கப்பன் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். தண்ணி லாரிக்காரர் என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். தோட்டக் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, சொந்தமாக லாரி வாங்கிய மனுஷன். போனில் யார் கூப்பிட்டாலும் அவர் முதலில் கேட்பது, "தண்ணி வந்துருச்சுங்களா?" என்றுதான். அவர் லாரி ஓட்டும்போது அவருக்கு வரும் போனைப் பக்கத்திலிருந்து எடுத்துப் பேசிப் பேசி, மகன் பிரவின்குமாருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. காலேஜில் கூடப் படித்தவர்கள் கேலி செய்தும் விடவில்லை.

அந்த மகனைத்தான் காணோம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜென்ட் வந்து தேனாகப் பேசினான். நம்பி, லாரியை விற்றுக் கொடுத்தார்கள். போய் இறங்கியதும் மகன் ஒருமுறை பேசினான், அதோடு சரி. ஏஜென்ட்டும் கம்பி நீட்டிவிட்டான். பெற்றவள் சின்னத்தாயி சோறு இறங்காமல் பாதி ஆளாகிவிட்டாள். பையன் உயிரோடு இருக்கிறானா என்று வாய்விட்டுக் கேட்க புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே பயம்.

ஏஜென்ட் மேல் புகார் கொடுக்க அங்கப்பன் கோவைக்கு, சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு வந்தார். அவருக்கு முன்னால் மேட்டுப்பாளையத்துத் தாஜுன்னிசா உட்கார்ந்திருந்தார். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, மகள் பிரசவத்துக்கு வைத்திருந்த பணத்தை எவனோ வழித்தெடுத்துவிட்டானாம். எப்படியம்மா நம்பினீர்கள் என்று எஸ்.ஐ. மதிவதனி கேட்டார்.

"உங்க தெருவுல தண்ணி வந்துருச்சான்னு கேட்டானுங்க மேடம். பேங்க்காரங்க யாரு அதையெல்லாம் கேக்கறாங்க? பெத்த புள்ளையாட்டம் இருந்துச்சு."

போனில் பதிவாகியிருந்த பேச்சைப் போட்டுக் காட்டினார்.

"ஏனுங்கம்மா, தண்ணி வந்துருச்சுங்களா?"

அங்கப்பனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கக்கேடுதான், ஆனாலும் பெற்ற மனதை என்ன செய்வது? உயிரோடு இருக்கிறான். அடுத்த மூச்சிலேயே அது என்ன வேலை என்பதும் புரிந்துபோயிற்று. பதிவில் அவனுக்குப் பின்னாலிருந்து எவனோ புரியாத பாஷையில் அதட்டினான். மகனின் குரல் ஒரு நொடி தடுமாறியது. பிறகு மறுபடியும் தாஜுன்னிசாவிடம் பதமாக நம்பர் கேட்டது.

பேசாமல் எழுந்து பஸ் ஏறியிருக்கலாம். அவரை அங்கே யாருக்கும் தெரியாது. சொன்னால் மகன் பெயர் கேஸில் ஏறும். சொல்லாவிட்டால் அவனைத் தேடிப் போக இருக்கிற ஒரே வழியும் அடைபட்டுவிடும். பக்கத்தில் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அங்கப்பனால் முடியவில்லை.

உங்களுக்கு என்ன புகார் என்று மதிவதனி அவர் பக்கம் திரும்பினார்.

"என்ற பையனைக் காணோம்னு எழுதிக் குடுக்க வந்தனுங்க மேடம்," என்றார் அங்கப்பன். தாஜுன்னிசாவின் கையிலிருந்த போனைக் காட்டினார். "கெடைச்சுட்டானுங்க."